இதர செலவு என்று ஒரு திருடன்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "வீட்டுச் செலவைப் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்துவிட்டன. பதில் எழுதுகிறவள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நட்டு, போல்ட், கிரீஸ், கையுறை என்று வந்ததையும் போனதையும் எண்ணிக்கொண்டே இருந்ததுதான் என் படிப்பு. எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் அந்த ஸ்டோரிலிருந்து வருவதுதான்.

அக்கா, எட்டு மாதமாகத் தினமும் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிறகு எழுதி என்ன பயன்?
– நோட்டும் கையுமாக ஒரு வாசகி

உங்கள் நோட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன், அதில் "இதர" என்று ஒரு வரி இருக்கும். அதைக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான புதிதில் நானும் 14 மாதம் அப்படித்தான் எழுதினேன். ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல் உட்கார்ந்து, தலைப்பு வாரியாகக் கூட்டினேன். வாடகை முதலிடம், அது தெரிந்ததுதான். இரண்டாவது இடத்தில் துணியும் இல்லை, மருந்தும் இல்லை. "இதர" வந்து நின்றது. அதற்குள் என்னவெல்லாம் ஒளிந்திருந்தது தெரியுமா? வீட்டில் இருப்பதை மறந்து இரண்டாம் முறை வாங்கிய பேட்டரிகள், கடைசித் தேதியைத் தாண்டிக் கட்டிய பில்லுக்கு அபராதம், கிளம்பத் தாமதமானதால் நடக்க வேண்டிய தூரத்துக்குக் கொடுத்த வண்டிக் கூலி, அப்புறம் மூன்று குடைகள். அந்த 14 மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று குடை தொலைத்திருந்தோம். என் கணவர் இரண்டு, நான் ஒன்று. அவரைக் கேட்டால் மாற்றிச் சொல்வார்.

ஸ்டோரில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும். பின் கார்டு என்போம். வரவு, வழங்கல், இருப்பு என்று மூன்று கட்டம். வழங்கலை மட்டும் எழுதிவிட்டு இருப்பை எழுதாமல் விட்டால் மேலாளர் அட்டையைத் தூக்கி எறிவார். எத்தனை போல்ட் போனது என்பது நேற்றைய செய்தி. இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் இன்று வருகிறவருக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். நாம் வீட்டில் எழுதும் கணக்கில் பெரும்பாலும் வழங்கல் கட்டம் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த மாதம் இப்படிச் செய்து பாருங்கள். சம்பளம் வந்த அன்றே தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கும் தொகையை மேலே எழுதிவிடுங்கள். ஏழு தலைப்புக்கு மேல் வேண்டாம், எழுதவே அலுப்பாகிவிடும். ஒவ்வொரு முறை செலவு செய்யும்போதும் மிச்சம் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். மாதம் 12-ஆம் தேதியே ஒரு தலைப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது தெரிந்தால் கை தானாக இழுத்துப் பிடிக்கும். இதே யோசனை ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இல் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு வீட்டுக் கணக்கு நோட்டை அச்சிட்டு வெளியிட்டார். முதலில் ஒதுக்கு, பிறகு செலவு செய், பிறகு ஒப்பிட்டுப் பார் என்பதுதான் அவர் காட்டிய முறை. எனக்கு அது தெரிய வந்தபோது வேலையில் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. "அட, பின் கார்டு" என்று சிரித்துக்கொண்டேன்.

இன்னொன்று. காப்பீட்டுத் தவணை, வரி, பள்ளிக் கட்டணம் போன்றவை வரும் மாதத்தில் பட்ஜெட் உடைந்துபோகும். "எதிர்பாராத செலவு" என்று அப்போது சொல்லிக்கொள்வோம். தேதி முன்கூட்டியே தெரிந்த செலவு எப்படி எதிர்பாராதது ஆகும்? ஒரு வருடத்தில் வரும் இந்த மாதிரிச் செலவுகளை எல்லாம் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதா மாதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அமைதி வந்தது சேமிப்பால் இல்லை, இந்த வகுத்தலால்தான்.

அம்மா, தள்ளுபடி என்றால் என் மனைவி விடமாட்டாள். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்கிறாள். வீட்டில் நடக்க இடமில்லை. யார் சொல்வது சரி?
– அட்டைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கணவர்

இருவரும் பாதிப் பாதி சரி. மொத்தமாக வாங்குவது மிச்சம்தான், கெடாத பொருளாக இருந்து, எப்படியும் வாங்கப்போகிற பொருளாகவும் இருந்தால்.

என் கதையைக் கேளுங்கள். துணி துவைக்கும் பவுடர், பத்து கிலோ மூட்டை, பாதி விலை. வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். இரண்டு மாதத்தில் ஈரம் கோத்து முழு மூட்டையும் பாறையாகிவிட்டது. சுத்தியலால் உடைத்து உடைத்துத்தான் துவைத்தோம். உடைக்க முடியாத கடைசித் துண்டு கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்க ஆனது. சரக்கு காப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் செய்த வேலை இது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு பொருள் எங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கு வருகிறது என்று பார்ப்பேன். திறந்த அன்று பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி எழுதினால் போதும், தீரும்போது கணக்கு தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும் அளவில் எதையும் வாங்குவதில்லை, இலவசமாகவே கொடுத்தாலும்.

விலையைப் பார்க்காதீர்கள், 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையில் அதைச் சில சமயம் கூடுதலாகவே விற்கிறார்கள். விலை ஏறவே இல்லை என்று நாம் சந்தோஷப்படும் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் படியுங்கள். 1 கிலோவாக இருந்தது 900 கிராம் ஆகியிருந்தால், அதே விலையிலேயே 11 சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதேபோல "50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்" என்ற பலகையைப் பார்த்து மனம் 70 என்று கூட்டிக்கொள்ளும். உண்மையில் 60தான். இரண்டாவது தள்ளுபடி மீதிப் பாதி விலையில்தானே கழிகிறது.

மலிவு என்று தூரத்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு நம் பாட்டிகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மனைவியிடம் தள்ளுபடியைப் பற்றிப் பேசாதீர்கள், வம்பு வரும். இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைத் திறந்து ஸ்டாக் எடுங்கள். எது எத்தனை என்று ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

என் மாமனார் வீடு முழுக்க நடந்து விளக்குகளை அணைத்துக்கொண்டே இருக்கிறார். செல்போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கிவிடுகிறார். ஆனால் மின் கட்டணம் குறையவே இல்லை. ஏன்?
– இருட்டில் இடித்துக்கொள்ளும் மருமகள்

பாவம், பெரியவர் நல்ல மனதோடு தப்பான ஆளைத் துரத்துகிறார்.

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் முழுவதற்கும் 1.35 யூனிட்தான். 2000 வாட் தண்ணீர் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினால் மாதம் 30 யூனிட். அதாவது அந்த ஹீட்டர் 22 விளக்குகளுக்குச் சமம். செல்போன் பேட்டரியோ தினம் முழுதாக ஏற்றினாலும் வருடத்துக்கே ஏழெட்டு யூனிட்டைத் தாண்டாது. வெளிச்சம் மலிவு, சூடுதான் விலை. தண்ணீரைச் சூடாக்குவது, துணியை உலர்த்துவது, இஸ்திரி போடுவது, அறையைச் சூடாக்குவது அல்லது குளிர்விப்பது, இவைதான் பில்லை எழுதுகின்றன.

20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். சாதாரண மின் ஹீட்டர் எதை வாங்கினாலும் இதிலிருந்து பெரிதாகத் தப்பிக்க முடியாது, தண்ணீரின் குணம் அது. ஆகவே சூடான தண்ணீரின் அளவைக் குறைத்தால்தான் மிச்சம். வாஷிங் மெஷினில் வெந்நீர் அமைப்பை விட்டுச் சாதாரணத் தண்ணீருக்கு மாற்றினாலே மெஷின் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி போய்விடும். அடுப்பிலும் இதே கதைதான். தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகத்தான் போகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள்.

மாமனாருக்கு உருப்படியான வேலை ஒன்று தருகிறேன். குளிர்பெட்டிக் கதவின் இடையில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுக்கச் சொல்லுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது. நாலு பக்கமும் சோதிக்கட்டும். அப்புறம், டி.வி.க்குப் பக்கத்தில் சிவப்பாகக் கண் சிமிட்டும் பெட்டிகள். எங்கள் வீட்டில் இருந்தது சும்மா இருக்கும்போதே 10 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு 88 யூனிட், யாரும் பார்க்காத நேரத்துக்கும் சேர்த்து. சார்ஜரை விட்டுவிட்டு அதைப் பிடுங்கட்டும். நடைவழி விளக்கு எரியட்டும், நீங்கள் காலை இடித்துக்கொண்டால் மருத்துவச் செலவு அதைவிட அதிகம்.

மாதா மாதம் கணக்கில் சின்னச் சின்னதாக ஏதோ பிடிக்கிறார்கள். எதற்கென்றே தெரியவில்லை.
– ஒரு வாசகர்

சந்தா. இந்த மாதப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது, வருடத்துக்கு ஒருமுறை கழிபவை தப்பிவிடும். 12 மாத வங்கிக் கணக்கையும் எடுத்து, தானாகக் கழிவதை எல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். எதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று நினைவு வரவில்லையோ, அதை இன்றே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் திரும்பச் சேர ஐந்து நிமிடம் ஆகாது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சேமிப்பு பூஜ்யம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன், அதனால் பிரச்சினை இல்லை. சேமிக்க எங்கே தொடங்குவது?
– 24 வயது வாசகர்

தம்பி, "அதனால் பிரச்சினை இல்லை" என்ற அந்த மூன்று சொல்லில்தான் பிரச்சினை மொத்தமும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் வட்டி, குறைந்தபட்சமாகக் கட்டுவது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஏறுகிறது, 5 இறங்குகிறது. நிகரமாக உங்கள் பாக்கி மாதம் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே சுருங்குகிறது. ஆனால் அந்த வேகத்தில் பாக்கி பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 32 மாதம் ஆகும். அதுவும் நடுவில் அந்தக் கார்டில் ஒரு பொருள்கூட வாங்காமல் இருந்தால். மாதம் 3 சதவீதம் என்று கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது, கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் கார்டில் என்ன விகிதம் என்று பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். லூகா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் வெனிசில் அச்சான தன் கணக்குப் புத்தகத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு 6 சதவீதம் தரும் சேமிப்பு இரட்டிப்பாக 12 வருடம். மாதம் 3 சதவீதக் கடன், கட்டாமல் விட்டால், இரட்டிப்பாக 24 மாதம். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு சேமிக்கிறேன் என்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டுக் கை வலிக்கிறது என்பது மாதிரி. அவசரத்துக்கு ஒரு மாதச் செலவை மட்டும் முதலில் தனியாக வையுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த ரிப்பேருக்கும் கார்டைத்தான் தேய்ப்பீர்கள். பிறகு மற்ற எல்லாச் சேமிப்பையும் நிறுத்தி வைத்துவிட்டு, கார்டுப் பாக்கியை அடியுங்கள். அது முடிந்ததும், அதுவரை கட்டிக்கொண்டிருந்த அதே தொகை, சம்பளம் வந்த மறுநாளே தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்தவர்களில் மிஞ்சியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாரம் தவறாமல் குளிர்பெட்டியிலிருந்து எதையாவது தூக்கிப் போடுகிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– வேலைக்குப் போகும் அம்மா

நீங்கள் தனியாள் இல்லை. 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் ஓட்டல்களிலோ கடைகளிலோ அல்ல, வீடுகளில்.

ஸ்டோரில் புதுச் சரக்கு வந்தால் அலமாரியின் பின்பக்கம் அடுக்குவோம், பழையதை முன்னால் இழுத்து வைப்போம். முதலில் வந்தது முதலில் வெளியே. நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? வாங்கி வந்ததை முன்னால் திணிக்கிறோம், பழையது பின்னால் போய்ச் சமாதி ஆகிறது. கண் மட்டத்தில் இருக்கும் தட்டை "முதலில் இதை" என்று ஒதுக்குங்கள். பாதி டப்பா, நேற்றைய மிச்சம், வாடத் தொடங்கியது எல்லாம் அங்கே. கடைக்குக் கிளம்பும் முன் உள்ளே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள். உள்ளே வெப்பம் 4 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது.

தேதியையும் சரியாகப் படியுங்கள். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்றால் ருசியும் மணமும் குறையலாம் என்பதுதான் பொருள், முகர்ந்து பார்த்து முடிவெடுக்கலாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்றிருந்தால் அதோடு விளையாட வேண்டாம்.

சிக்கனமாக இருப்பதால் என் மகளே என்னை "எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள்" என்கிறாள். வலிக்கிறது அம்மா.
– பெயர் வேண்டாம்

வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு நிமிடம், அவள் எதைப் பார்த்துச் சொன்னாள்? உங்களுக்கு வாங்காததையா, அவளுக்கு வாங்காததையா, வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்காததையா? கடைசி இரண்டு என்றால் அவள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்.

நானும் ஒரு காலத்தில் எல்லை தாண்டியவள்தான். பல்லில் சின்ன ஓட்டை. அடைக்கச் சொன்னார் மருத்துவர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். கடைசியில் வேர்ச் சிகிச்சை செய்து, அதுவும் நிற்காமல் பல்லையே எடுத்தார்கள். அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல எட்டு மடங்கு. இடது பக்கம் இன்றும் மெல்ல முடியாது. இப்போது என் நோட்டின் முதல் பக்கத்தில், கை வைக்கக் கூடாதவை என்று நாலு எழுதி வைத்திருக்கிறேன்: பல், கண்ணாடி, செருப்பு, வண்டியின் பிரேக்.

மகளிடம் விளக்கம் சொல்லாதீர்கள். வீட்டுக் கணக்கில் ஒரு தலைப்பை அவளிடம் முழுதாக விட்டுவிடுங்கள். போன், இன்டர்நெட் செலவாக இருக்கட்டும். ஒதுக்கிய தொகையில் மிஞ்சுவது அவளுக்கே என்று சொல்லுங்கள். என் மகனிடம் அப்படி விட்ட மூன்றாவது மாதம், கம்பெனிக்குப் போன் போட்டு மலிவான திட்டம் கேட்டு அவன் பேரம் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டேன். என்னைவிட மோசமான கஞ்சன்!

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் கடைசியாகச் செய்த வீண் செலவு எது?
– குறும்புக்கார வாசகி

லேபிள் அச்சடிக்கும் குட்டி மெஷின். பேனாவும் காகிதமும் போதாதா என்று கேட்காதீர்கள், போதும்தான். ஆசையாக இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் இருக்கும் டப்பா, டிராயர், சாவி எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். மெஷின் வைக்கும் டப்பாவுக்கும் "லேபிள் மெஷின்" என்று ஒட்டியாகிவிட்டது. ஒட்ட இனி ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன வாரம் பேத்தி வந்தாள். அவள் ஊருக்குப் போன அன்று மருந்துக்கடை, தபால் அலுவலகம், நூலகம் என்று மூன்று இடம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது, இரவு சால்வையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. முதுகுப் பக்கம் ஒட்டியிருந்தது: "பாட்டி. இருப்பு: 1."